அம்மாவின் வாயில் நான் பார்த்ததும் பார்க்காமல் விட்டதும்

நெத்தலி முள் குத்தியிருக்கிறதா பார் என்று அம்மா வாயைத் திறந்து காட்டினார். 2023 ஜூலை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு வாரமாக மழை விடவில்லை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் கரண்டும் இல்லை. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். முள் எதுவும் தட்டுப்படவில்லை. இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டிய முரசில் வேறொன்று இருந்தது. பாகற்காய்த் தோலில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டிவைத்த மாதிரி. மஞ்சள் கலந்த வெள்ளை, இடையிடையே இளஞ்சிவப்பு, மேலெல்லாம் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு. சுண்டு விரல் நகத்தின் அளவுகூட வராது.

“இது எப்ப இருந்தும்மா?”

“அது கெடக்கு பாப்பா, பங்குனியில இருந்து இருக்கு. வலியா ஒண்ணா? நீ முள்ளப் பாரு.”

பங்குனி முதல் ஆடி வரை நான்கு மாதம். நான் உயிரியல் ஆசிரியை. கலம், இழையம் என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். மாதம் இரண்டு முறை அம்மாவிடம் வந்து தங்கிப் போகிறவள். அந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அம்மாவின் வாய்க்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை. வெற்றிலை போடும் ஆள் இருக்கிற வீட்டில் மாதம் ஒரு தரம் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது எவ்வளவு சின்ன வேலை! அதற்கு டொக்டர் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் பெரியப்பா 2011இல் வாய்ப் புற்றுநோயில் போனவர். மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் மஸ்கெலியாவுக்கும் அலைந்த அந்த ஒன்றரை வருடத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். தோட்டப்புறத்தில் பெண்களும் வெற்றிலை போடுவதால் அவர்களையும் அது விடுவதில்லை. அம்மாவுக்கு அப்போது 61 வயது. பதினாறு வயதில் கொழுந்துக் கூடையோடு சேர்ந்து வந்த பழக்கம். மலையில் மழைக்கும் குளிருக்கும் பசிக்கும் பெண்களுக்கு இருந்த ஒரே துணை இடுப்பில் செருகிய வெத்தலப்பைதான். அதை ஏதோ கெட்ட பழக்கம் என்று பட்டணத்து ஆட்கள் ஒற்றை வரியில் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். காலை ஏழரைக்கு மலை ஏறி, ரொட்டியோடு பொழுதை ஓட்டியவர்களின் வாழ்க்கை அந்த ஒற்றை வரியில் அடங்காது.

காலையில் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். படிகாரம் தடவச் சொன்னார் ஒருவர். அம்மா ஏற்கெனவே இரண்டு மாதமாக அதைத்தான் இரகசியமாகச் செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சொன்னதுதான் அம்மாவின் மனதில் நன்றாக ஏறிவிட்டது: “கத்தி மட்டும் படவிடாத. கத்தி பட்டா பரவிரும்.”

இந்தப் பேச்சை நான் எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பலர் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிக்கொள்வார்கள். அப்புறம் அவர்கள் இறந்துபோனால் பழி கத்தியின் மேல் விழும். வாயில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. பரவுகிறது என்ற பயத்தில் ஆறு மாதம் தள்ளிப்போட்டால்தான் பரவ அதற்கு நேரம் கிடைக்கிறது. படிகாரம், சுண்ணாம்பு, கராம்பு எண்ணெய் எதையும் அந்த இடத்தில் தடவாதீர்கள். மேல்தோல் வெந்துபோனால், பிறகு துண்டு எடுத்துப் பார்க்கிறவருக்குப் புண் எது, சூடு எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடும்.

முதலில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்தவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. நாக்கை நீட்டச் சொல்லித் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “வெற்றிலை போடுறவங்கதானே? கான்சர்தான், மகரகமவுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, தன் சேமலாப நிதிப் பத்திரங்களை எடுத்து என் மடியில் வைத்தார். அந்தக் காட்சியை என்னால் இன்றும் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

கண்ணால் பார்த்து இது புற்றுநோய் என்றோ, இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. வாயில் வரும் புண்ணோ, கட்டியோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இரண்டு, மூன்று வாரத்தில் தானாக ஆறவில்லை என்றால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவர் சந்தேகப்பட்டால் துண்டு எடுக்க வேண்டும். பெயர் வைப்பது அதற்குப் பிறகுதான்.

அடுத்த வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பகுதிக்குப் போனோம். அங்கிருந்து வாய், முக அறுவைப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பார்த்தவர் வயதில் என்னைவிட இளைய சிங்களப் பெண் டொக்டர். கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழுத்தைத் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் நாக்கின் இரு பக்கமும், நாக்கின் அடியும், அண்ணமும், கடைசியாக இரண்டு கன்னங்களின் உட்பக்கமும். கன்னத்தில் மட்டும் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சின்ன அடிமட்டத்தை முன் பற்களுக்கு நடுவில் நிறுத்தி ஏதோ எழுதிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என்னவென்று கேட்கவில்லை. என் கண் முழுக்க அந்தக் கட்டியிலேயே இருந்தது.

கட்டி ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு என்பதால், பாதி வெட்டாமல் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு முழுசாகவே எடுத்துவிடலாம் என்றார். போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். விறைக்கிற ஊசி மட்டும்தான் போடுவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனால்தான் தலைசுற்றாது. பிரஷர், சீனி, இருதயம் எதற்காவது மருந்து எடுத்தால் அந்த அட்டைகளை அப்படியே கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசை எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. கூடப் போகிறவர் சிங்களம் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பயம் குறையும்.

வெட்டி எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று தையல். எடுத்த துண்டைத் தாதி ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தலில் போட்டார். அதில் இருந்தது போர்மலின். தண்ணீரிலோ சேலைனிலோ போட்டால் கலங்கள் அழுகிக் குலைந்துவிடும். போத்தலின் உடம்பில் பெயர், வயது, எடுத்த இடம், திகதி. மூடியில் மட்டும் எழுதினால், ஆய்வுகூடத்தில் மூடியைக் கழற்றியதும் போத்தல் எது, ஆள் எது என்று தெரியாமல் போய்விடும். அம்மாவின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நானே வாசித்துப் பார்த்தேன். தாதி அதற்குக் கோபிக்கவில்லை.

ரிப்போர்ட் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அம்மா வெற்றிலை போடவில்லை. தையலுக்குப் பயந்துதான்.

வந்த தாளில் மேலே ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை: வெருசிபோர்ம் சாந்தோமா. புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறும் வகையும் இல்லை, முழுசாக எடுக்கப்பட்டுவிட்டது, திரும்ப வருவது மிக அரிது. டொக்டர் இதைச் சொன்னபோது அம்மா தன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே கிடையாது. அமெரிக்காவைச் சேர்ந்த ஷேபர் என்ற வாய் நோயியல் அறிஞர் 1971இல்தான் இதைத் தனி நோயாகப் பிரித்து எழுதினார் என்று பிறகு படித்தேன். அதற்கு முன் இதை மருவென்றும் வேறெதென்றும் நினைத்து விட்டிருப்பார்கள். நடு வயது தாண்டியவர்களுக்கு, பெரும்பாலும் முரசிலும் மேல் அண்ணத்திலும் வரும். வலி இருக்காது. இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டுவது அபூர்வம்.

அந்தத் துண்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்குப் போய், வாய் நோயியல் பிரிவில் என் தொழிலைச் சொல்லிக் கேட்டேன். அங்கிருந்த விரிவுரையாளர் ஒருவர் முகம் சுளிக்காமல் என்னை நுணுக்குக்காட்டிக்கு முன் உட்காரவைத்தார். அந்த அரை மணி நேரத்தை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

முதலில் கண்ணில் பட்டது மேல்தோல். மேலணி இழையம் தட்டையாக இல்லாமல் மடிப்பு மடிப்பாக, ஊசிமுனை மலைகளும் பள்ளத்தாக்குகளுமாக ஏறி இறங்கியது. வெளியில் பாகற்காய்த் தோல் மாதிரித் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். பள்ளங்களுக்குள் கெரட்டின் என்ற தடித்த புரதம் நிரம்பி, அடைப்பான் போல இறுகியிருந்தது. மற்ற இடமெல்லாம் ரோஸ் நிறம், அந்த அடைப்பான்கள் மட்டும் செம்மஞ்சள் சாயலில். நம் உடம்புத் தோலின் மேலே உதிரும் கெரட்டின் படலத்தில் சாதாரணமாகக் கரு இருக்காது. இங்கே கரு சுருங்கிய புள்ளிகளாக இன்னும் தங்கியிருந்தது. கலங்கள் அவசர அவசரமாக மேலே வந்து சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் கீழ்ப்பக்கம். மேலணி இழையம் வேர் மாதிரி நீளநீளமாகக் கீழே இறங்கியிருந்தது. ஒரு வேர் ஆழம், ஒரு வேர் மேலே என்று இல்லை. அத்தனையும் ஒரே மட்டத்தில் போய் நின்றன. மட்டக்கம்பு வைத்துக் கொழுந்து எடுத்த மலையைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன், உடனே விளங்கிக்கொண்டார். சாதாரண வாய்ப் புற்றுநோயில் இந்த ஒழுங்கு இருக்காது. கலக்கூட்டங்கள் தாயிடமிருந்து பிரிந்து, கீழே உள்ள தொடுப்பிழையத்துக்குள் தீவு தீவாகப் புகுந்துவிடும். கருக்கள் பெருத்து, கருத்து, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். அம்மாவின் துண்டில் எந்தக் கலமும் கோட்டைத் தாண்டவில்லை. கருக்களும் அப்படிக் குழம்பவில்லை. ரிப்போர்ட்டில் ‘டிஸ்பிளேசியா இல்லை’, அதாவது கலங்களின் உருவமும் ஒழுங்கும் கெடவில்லை, என்று எழுதியிருந்தது இதைத்தான். உங்கள் கையில் எந்த பயொப்சித் தாள், அதாவது துண்டு எடுத்துச் சோதித்த ரிப்போர்ட், வந்தாலும் அந்த வார்த்தையைத் தேடுங்கள், இருக்கிறதா இல்லையா என்று டொக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள். அது இருந்தால், புற்றுநோய் இல்லாவிட்டாலும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய நிலை.

நோய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இடம் அந்த வேர்களுக்கு நடுவில் இருந்தது. தொடுப்பிழையம் விரல் விரலாக மேலே ஏறும் இடுக்குகளில் பெரிய பெரிய கலங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. வெளிறிய உடல், ஒரு மூலையில் சின்னக் கரு, உள்ளே நுரை. டீ ஆற்றும்போது கோப்பையின் விளிம்பில் நிற்குமே, அந்த நுரை. கழிவுகளை விழுங்கும் தின்கலங்கள்தான் அவை. கொழுப்பை விழுங்கி விழுங்கி வயிறு முட்டிப் போனவை. இழையத்தை மெழுகில் பதிக்கும் முன் அற்ககோலிலும் சைலீனிலும் ஊறவைக்கிறார்கள். அதில் கொழுப்புக் கரைந்து ஓடிவிட, அது இருந்த இடம் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. நாம் நுரை என்று பார்ப்பது கொழுப்பு விட்டுப்போன வெற்றிடத்தை. சந்தேகம் தீரச் சிடி68 என்ற சாயச் சோதனையும் செய்வதுண்டு. தின்கலங்கள் மட்டும் கபில நிறமாக எழும்பி நிற்கும்.

விரிவுரையாளர் ஒன்றை அழுத்திச் சொன்னார். இந்த நுரைக் கலங்கள் அந்த இடுக்குகளை விட்டுக் கீழே அதிகம் போவதில்லை, மேலேயும் வருவதில்லை. மேலோடு சுரண்டி எடுத்த துண்டில் அவை அகப்படாமல் போனால் வெறும் மரு என்று பெயர் விழலாம், இன்னும் மோசமாக, மரு வடிவப் புற்றுநோயோ என்ற சந்தேகம்கூட எழலாம். துண்டு அடி இழையத்தோடு, கொஞ்சம் ஆழமாக எடுக்கப்பட வேண்டும் என்பது அதனால்தான். வாயில் ஆழமாக வெட்டுகிறார்களே என்று நாம் பயப்படுகிறோம். அந்த ஆழத்தில்தான் பதில் இருந்தது.

சாந்தோமா என்றால் கிரேக்கத்தில் மஞ்சள் நிறம் சார்ந்த வார்த்தை. கொழுப்பு என்று கேள்விப்பட்டதும் அம்மா கேட்டது, “நான் எங்க பாப்பா கொழுப்பத் தின்னேன்?” நியாயமான கேள்வி. கண் இமையில், முழங்கையில் வரும் சில சாந்தோமாக்களுக்கு இரத்தக் கொழுப்புக் காரணமாக இருக்கலாம். வாயில் வரும் இதற்கும் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடுவதற்கும் தொடர்பு இல்லை. அம்மாவின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் சரியாகத்தான் இருந்தது.

பின்னே கொழுப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலான நோயியல் வைத்தியர்கள் ஏற்கும் விளக்கம் இது. முரசில் ஏதோ ஓர் இடத்தில் உரசலோ, கடியோ, நீண்ட நாள் அழற்சியோ உண்டாகிறது. மேலணிக் கலங்கள் சிதைகின்றன. சிதைந்த கலங்களின் சவ்வுகளில் இருந்த கொழுப்புக் கீழே கசிகிறது. அதைத் துப்புரவு செய்ய வரும் தின்கலங்கள் விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை தங்கியதும் மேலணி மேலும் தடித்து மடிகிறது. லைக்கன் பிளேனஸ், பெம்பிகஸ் போன்று மேலணியைச் சிதைக்கும் நோய் உள்ளவர்களிடம் இது சில வேளை காணப்படுவது இந்த விளக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது. மரு உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று தேடிய பெரும்பாலான சோதனைகளில் அகப்படவில்லை. பிறவியிலேயே வரும் மிக அரிதான ஒரு தோல் நோயில், கொலஸ்ட்ரோல் தயாரிப்புக்கு உதவும் மரபணு ஒன்று பழுதாகி, தோலில் இதே மாதிரி வளர்ச்சி வருவதும் உண்டு. அது அம்மாவின் கதை இல்லை. அம்மாவின் கடைவாய்ப் பல்லில் ஓர் ஓரம் உடைந்து கூர்மையாக நின்றது. அதே இடத்தில்தான் வெற்றிலையை அடக்கிவைப்பார். டொக்டர் பல்லை ராவி மழுங்கவைத்தார். இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

இவ்வளவு நேரம் நான் எழுதியது வாயில் இருந்த சாதுவைப் பற்றி.

ரிப்போர்ட் வாங்கிய அன்று, புற்றுநோய் இல்லை என்று கேட்டதும் நான் கொப்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டொக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். “கட்டியை நீங்களே பார்த்துக் கொண்டுவந்தீர்கள். இதைப் பார்க்கவில்லையே” என்றார். அம்மாவை வாய் திறக்கச் சொல்லி என் விரலையே கன்னத்தின் உட்பக்கம் வைக்கச் சொன்னார். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாகக் கயிறு கட்டின மாதிரி இரண்டு பட்டை. தோலும் சிவப்பாக இல்லை, சலவைக்கல் மாதிரி வெளிறியிருந்தது. “காரம் சாப்பிட முடிகிறதா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாக அம்மா காரமான கட்ட சம்பல் தொடவில்லை. ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்து நனைத்துச் சாப்பிடுவார். வயதாகிவிட்டது, பல் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். நானே ரொட்டியைப் பிய்த்து டீயில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நோயின் பெயர் வாயின் சளிப்படலத்துக்கு அடியில் நார் படிதல். ஆங்கிலச் சுருக்கம் ஓ.எஸ்.எம்.எப். பேராதனையில் அதன் மாதிரி ஒன்றையும் காட்டினார்கள். அம்மாவின் கட்டிக்கு நேர் எதிர். அங்கே மேலணி தடித்து மடிந்திருந்தது, இங்கே மெலிந்து ஒட்டிப்போயிருந்தது. அங்கே அடியில் நுரைக் கலங்கள் நெருக்கியடித்தன, இங்கே கொலாஜன் நார் கண்ணாடி மாதிரி இறுகி, கலமும் இரத்தக்குழாயும் குறைந்து, வெறிச்சோடிக் கிடந்தது. காரணம் பாக்கு. பாக்கில் உள்ள அரிக்கோலின், நார் உண்டாக்கும் கலங்களை முடுக்கிவிடுகிறது. பாக்கில் உள்ள செம்பு, நார்களை ஒன்றோடொன்று பின்னிப் பிணைக்கும் நொதியத்துக்குத் துணைபோகிறது. சேரும் நார் கரைவதில்லை. கேரளத்தில் இந்த நோயாளிகளை 17 வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் நூற்றுக்கு 7.6 பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது.

என் தவறு ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவைக் கெஞ்சிப் புகையிலையை விடவைத்தது நான்தான். “வெறும் வெற்றிலை பாக்குதானே, பரவாயில்லை” என்று சொன்னதும் நான்தான். புகையிலையை விட்டது நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் 2004இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடையில் தொங்கும் சரைகளில் வரும் இனிப்புப் பாக்கும் பாக்குத்தான். பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் அதை வாங்கித் தின்பதை இன்றும் பார்க்கிறேன், பார்க்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று டொக்டர் சொல்லித் தந்தார். உங்களுடைய சொந்த விரல் மூன்றை, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே செலுத்திப் பாருங்கள். போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு விரல்தான் போனது. அடிமட்டத்தில் 29 மில்லிமீற்றர். சாதாரணமாக 35க்குக் குறையக் கூடாது. காரம் பட்டால் எரிச்சல், கன்னம் வெளிறுவது, வாய் சுருங்குவது, நாக்கை முன்போல நீட்ட முடியாமல் போவது, விசில் அடிக்கவோ அடுப்பு ஊதவோ முடியாமல் போவது எல்லாமே அடையாளங்கள். அந்த எரிச்சலைத் தவிர இதில் பெரிதாக வலி இருக்காது. அதனால்தான் யாரும் காட்டப் போவதில்லை.

பாக்கை விடுவது அம்மாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தையலுக்குப் பயந்து விட்டிருந்த அந்த மூன்று வாரம் பெரிய உதவி. அதைப் பிடித்துக்கொண்டே தொடர்ந்தோம். பின்னேரம் நான்கு மணிக்குத்தான் ஆசை முட்டும் என்று தெரிந்ததால், அந்த நேரத்தில் அவர் லயத்தில் தனியாக உட்காராமல் தோட்டத்துக் கீரைப் பாத்திக்குப் போய்விடுவார். வாயில் போட இரண்டு ஏலக்காய். வெத்தலப்பையை எரிக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அது பாட்டி தைத்துக் கொடுத்தது. நான்கு மாதத்தில் இரண்டு தடவை வழுக்கினார். இரண்டு தடவையும் தானாகவே வந்து சொன்னார், நான் ஏசவில்லை. ஏசியிருந்தால் மூன்றாவது தடவை என்னிடம் சொல்லியிருக்கமாட்டார். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாக இருந்ததால் அதற்கும் குளிசை கொடுத்தார்கள்.

அதோடு வாய்ப் பயிற்சி. ஐஸ்பழக் குச்சிகளைக் கழுவி, அவித்து, காயவைத்து அடுக்காகப் பற்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். வலிக்காத அளவுக்கு நிரப்பி, ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு குச்சியை மெதுவாக நடுவில் செருக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒரு குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். தொடங்கும்போது 14 குச்சி. தைப்பொங்கலுக்கு 15. அடுத்த சித்திரையில் 17. அதற்கு மேல் ஏறவில்லை. படிந்த நாரை இந்தப் பயிற்சி கரைக்காது, இன்னும் சுருங்கவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். 17லேயே நிற்பதுகூட எங்களுக்குப் பெரிய விஷயம். நான்கு மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக். கட்டி இருந்த இடத்தில் இப்போது வெளிறிய சின்னக் கோடு மட்டும் இருக்கிறது.

கத்தி பட்டால் பரவிரும் என்று சொன்ன பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை. இன்னும் மலைக்குப் போகிறவர். போன ஞாயிறு அம்மா அவரை வாசல் இஸ்தோப்பில் உட்காரவைத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு. எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு அக்காவுக்கு ஞாபகமில்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்று அக்கா இழுத்தார். “பேரு போனா போவட்டும் புள்ள, நான் கூட வாரேன்” என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறார்கள். எனக்குப் பரீட்சைக் கடமை, கூடப் போக முடியாது. அதனால் சிங்களத்தில் ஒரு தாள் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளைத் திட்டு, மூன்று வாரத்துக்கு மேல் இருக்கலாம். இருபது வருடமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார், அட்டை கையில் இருக்கிறது. தயவுசெய்து இரண்டு கன்னத்தின் உட்பக்கத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.